இரண்டு ஸ்க்ரூ தூரம்

குமிழ் சுற்றியது. கதவு திறக்கவில்லை. மங்கையர்க்கரசி ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்துத் திருகினாள். இந்தப் பக்கம் திருகினாலும் சுற்றியது, அந்தப் பக்கம் திருகினாலும் சுற்றியது. சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஒரு வேலையும் செய்யாத ஆளைப்போல, உள்ளே எதையும் பிடித்து இழுக்காமல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் போயிருக்கும். போன வாரமே அதில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பார்க்கணும் என்று நினைத்தாள். ஆனால் பார்க்க வேண்டியவை வேறு நிறைய இருந்தன, கணவர் முதுகில் சிவந்திருந்த இடம், தீர்ந்துபோன பிரஷர் மாத்திரை, கஞ்சி அரைக்கும்போது மிக்ஸியிலிருந்து வரும் கருகல் நாற்றம், அதனால் கதவின் முறை வரவேயில்லை. மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். சோற்றை ரசத்தில் குழைத்து அவருக்கு ஊட்டி, வாயைத் துடைத்து, மாத்திரையைப் பொடித்துத் தேனில் கொடுத்து, சாப்பிட்ட உடனே படுத்தால் புரையேறும் என்று கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவைத்து, நனைந்துபோன விரிப்பை உருவி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் வந்தவள். விரிப்பை அலசிப் பிழிந்து குழாயின் மேல் போட்டாயிற்று. கதவைச் சாத்தியிருக்கவே வேண்டாம். இந்த எட்டு மாதத்தில் குளியலறைக் கதவை அவள் சாத்தியதே கிடையாது. குளிக்கும்போதுகூட ஒரு சாண் திறந்து வைத்திருப்பாள், ஒரு காது எப்போதும் ஹாலில் கிடக்கும் கட்டிலின் பக்கமே இருக்கும். காற்றில் தானாகச் சாத்திக்கொண்டது என்று முதலில் நினைத்தாள். காற்றே இல்லை. வென்டிலேட்டர் வழியாகத் தெரிந்த முருங்கைக் கிளையில் ஓர் இலை அசையவில்லை. நான்தான் சாத்தினேன், உள்ளே வந்ததும் முதுகால் தள்ளிச் சாத்தினேன் என்பது மெதுவாக ஞாபகத்துக்கு வந்தது. எதற்காக என்பது மட்டும் வரவில்லை.

“என்னங்க!” என்று குரல் கொடுத்தாள். “குளியலறைக் கதவு மாட்டிக்கிச்சு. பயப்படாதீங்க, குறடு எங்கிட்டதான் இருக்கு. கழட்டிட்டு வந்துடறேன்.”

ஹாலிலிருந்து பதில் வந்தது. “அதான்.”

அம்பலவாணனுக்கு மிஞ்சியிருந்த சொல் அது. பொதுப்பணித் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால்கூடத் திருப்பி அனுப்புகிற மனுஷர். மூளையில் இரத்தக் குழாய் அடைத்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் கூடவே போய்விட்டது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது இந்த ஒரு சொல்தான். பசித்தால் அதான். வலித்தால் அதான். டிவியை நிறுத்து என்பதும் அதான்தான், நீ சாப்பிட்டாயா என்பதும் அதான்தான். எந்த அதான் எது என்று குரலை வைத்தே அவளுக்குத் தெரியும். அபூர்வமாக, நாக்கைப் புரட்டிப் புரட்டி, நெற்றி வேர்க்க, வேறு ஒரு சொல்லைக் கொண்டுவருவார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் இவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். இப்போது வந்த அதான், சரி, மெதுவாக வா என்கிற அதான். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. அப்படிப் பட வேண்டும் என்று அவள் நினைத்ததால் பட்டதோ என்னவோ.

நைட்டியின் வலது பையில் குறடு கனத்துக் கிடந்தது. எல்லா நைட்டியிலும் அவளே பை வைத்துத் தைத்திருந்தாள், குறடுக்காகவே, இரட்டைத் துணி போட்டு. கடைக்காரன் அதற்கு மல்டி டூல் என்று பெயர் சொல்லித்தான் விற்றான். வீட்டில் அது குறடு. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், விரித்தால் குறடாக வாயைப் பிளக்கும், பிடிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக நகத்தால் இழுத்தால் கத்தி, அரம், சின்னக் கத்தரி, மூடி திறக்கிற கொக்கி, மைனஸ் ஸ்க்ரூ டிரைவர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், தோல் துளைக்கிற ஊசி. பதினெட்டு வருஷமாக அவள் கூடவே இருக்கிறது. குக்கர் கைப்பிடி ஆடினால் அடுப்பைவிட்டு நகராமலே முடுக்கிவிடலாம். ஸ்டோர் ரூமில் பெட்டியைத் தேடி, பெட்டிக்குள் டிரைவரைத் தேடி, அது கிடைப்பதற்குள் எதை முடுக்க வந்தோம் என்பதே மறந்துபோகிற தொல்லை கிடையாது. வீட்டில் ரிப்பேர் என்பது எப்போதும் கை வேலையாக இருக்கும்போதுதான் வருகிறது, அப்போது கைக்கு எட்டுகிற இடத்தில் சாமான் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அவள் கதவைப் பார்த்தாள். குமிழின் அடியில் வட்டத் தகடு. தகட்டில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ. இரண்டையும் கழற்றினால் குமிழ் கையோடு வந்துவிடும், உள்ளே இருக்கிற நாக்கைக் குறடால் பிடித்து இழுத்தால் கதவு திறந்துவிடும். பத்து நிமிஷம். துரு இருந்தால் பதினைந்து. அவள் ஸ்டார் டிரைவரை வெளியே இழுத்து, முதல் ஸ்க்ரூவின் தலையில் வைத்தாள். வைத்தவள் எடுத்துவிட்டாள். காலியாக இருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அஞ்சு நிமிஷம், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வெறும் அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்.

உட்கார்ந்த பிறகுதான் இடுப்பு எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. நின்றுகொண்டேயிருக்கும்போது வலி உடம்பு முழுக்கப் பரவி, இதுதான் நம் உடம்பு என்று ஆகிவிடுகிறது. உட்கார்ந்தால் இது இடுப்பு, இது கெண்டைக்கால், இது கழுத்துப் பிடரி என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து தன் பெயரைச் சொல்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்தாள். ஓடு குளுகுளுவென்றிருந்தது. எதிர்ச் சுவரில் வென்டிலேட்டர் வெயில் நான்கு பட்டையாக விழுந்திருந்தது. அதில் மூன்றாவது கண்ணாடிச் சட்டம் ஒரு தடவை நழுவி விழப் பார்த்து, தகர விளிம்பைக் குறடால் மடக்கிப் பிடிக்க வைத்தவள் அவள்தான். அந்தக் குழாய்க்கு வாஷர் மாற்றியது அவள். கீஸர் ஸ்விட்சுக்கு உள்ளே ஒயர் தளர்ந்து தீப்பொறி வந்தபோது மெயினை அணைத்துவிட்டு முடுக்கியது அவள். இந்தச் சின்ன அறையில் எதைப் பார்த்தாலும் அதன் ஸ்க்ரூ அவளுக்குத் தெரிந்தது, இது ஸ்டார், இது மைனஸ், இதில் ஒன்று காணாமல்போய் வேறு நீளத்தில் போட்டிருக்கிறது என்று. மற்ற பெண்களுக்குக் குளியலறையில் உட்கார்ந்தால் என்ன தோன்றுமோ. சுகமாகப் பாட்டு வருமாக இருக்கும். பொருட்காட்சியில் அந்தக் குறடை வாங்கின சாயங்காலம் நினைவுக்கு வந்தது. ஒருவன் மேஜைமேல் ஏறி நின்று, மைக்கில், ஒயரை வெட்டி, ஆணியை நிமிர்த்தி, சோடா மூடியைத் திறந்து வித்தை காட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஆம்பளைக் கூட்டம். இவள் கையை நீட்டி, அதைக் கொடு பார்க்கலாம் என்றதும், “அண்ணனைக் கூட்டிட்டு வாங்கக்கா, இது கிச்சன் ஐட்டம் இல்ல” என்றான். இவள் அவன் மேஜையில் இருந்த மைக் கம்பியைப் பார்த்தாள், பிளக்கில் ஒயர் விட்டு விட்டுத் தொட்டு, கரகரவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. “உன் பிளக்கில நியூட்ரல் லூஸா இருக்குப்பா, அதை முதல்ல முடுக்கு” என்றாள். பெண்கள் கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூட உதவியாளராக அவளுக்கு அப்போது பதினாறு வருஷ சர்வீஸ். கால்வனாமீட்டர் முள்ளைப் பட்டு நூலில் தொங்கவிட்டவள். அவன் சிரித்துவிட்டுக் கொடுத்தான்.

அம்பலவாணனுக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை, கையை ஓங்கியதில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை, ஆனால் மனைவி ஸ்டூலில் ஏறி ஃபேனைக் கழற்றுவதைப் பார்த்தால் வாசல் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வருவார். ஒரு தடவை அவருடைய அலுவலக நண்பர் வந்திருந்தார். அன்று காலைதான் இவள் ஹால் டியூப் லைட்டுக்குப் புதுசாகச் சோக் மாற்றியிருந்தாள். நண்பர் நிமிர்ந்து பார்த்து, வெளிச்சம் பிரமாதமா இருக்கே என்றார். இவர், “காலையில எலக்ட்ரீஷியன் வந்துட்டுப் போனான்” என்றார். காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்த மங்கையர்க்கரசிக்குச் சிரிப்புத்தான் வந்தது அப்போது. யார் அந்த எலக்ட்ரீஷியன், பேர் என்ன, எனக்கும் காட்டுங்களேன் என்று இரவு கேலி செய்தாள். அவர் பத்திரிகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்கப்புறம் அந்த எலக்ட்ரீஷியன் அடிக்கடி வந்தான். ப்ளம்பரும் வந்தான். பீரோ பூட்டைத் திறக்க ஒருத்தன் வந்தான். பெண் தேன்மொழிக்குக்கூட ரொம்ப நாள் அப்படித்தான் எண்ணம், அப்பாவுக்கு நிறைய ஆள் தெரியும் என்று. சிரிப்பாக இருந்தது எந்த வருஷத்திலிருந்து சிரிப்பாக இல்லாமல் போனது என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. ஸ்க்ரூ அப்படித்தான் தளர்கிறது, தினமும் ஒரு மயிரிழை, யாருக்கும் தெரியாது, ஒருநாள் கைப்பிடி கையோடு வந்துவிடும். ச்சே, எதை எடுத்தாலும் ஸ்க்ரூ. எட்டு மாதமாகக் குறடுக்கும் அந்தக் கட்டிலைச் சுற்றியேதான் வேலை. கட்டிலுக்குப் பக்கக் கம்பி வைத்தது, சக்கர நாற்காலியின் கால் தட்டு கழன்றதை மாட்டியது, கழிப்பு நாற்காலியின் இருக்கை ஆடி அவர் தொடையைக் கிள்ளியதும் இரண்டு போல்ட்டை மாற்றியது, மருந்துப் பட்டையைக் கத்தரித்தது, மூக்குக் குழாய் இருந்த நாட்களில் பிளாஸ்திரியைத் துண்டு போட்டது. அவர் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது வாசல் கதவைச் சாத்த எழுந்து போக முடியாது. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே திக்கென்றது. இதில் எனக்குச் சந்தோஷமா? இல்லை. இல்லவே இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த நினைப்பு, நான் கூப்பிடாமல்?

செல்போன் அடித்தது. சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருந்தாள். மூன்று மணி. தேன்மொழிதான், புனேயிலிருந்து, அலுவலகத்தில் டீ குடிக்கும் நேரத்தில் தினமும் கூப்பிடுவாள், அம்மா சாப்பிட்டியா, அப்பா எப்படி இருக்கார், எக்சர்சைஸ் பண்றாரா, நீ உடம்பைப் பார்த்துக்க. நீ உடம்பைப் பார்த்துக்க என்று சொல்லும்போது அவள் குரல் ஏற்கெனவே அடுத்த வேலைக்குப் போய்விட்டிருக்கும். குழந்தை பாவம், அவள் மட்டும் என்ன செய்வாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து ஸ்க்ரூவைக் கழற்று என்றது மனசு. கை மடியிலேயே கிடந்தது. போன் நின்றது. அப்போது வந்த அந்த நிசப்தம், ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது. யாரும் அவளைத் தொட முடியாது. கதவு பூட்டியிருக்கிறது, அவள் பூட்டவில்லை, பூட்டு கெட்டுப்போய்விட்டது, யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கீழே தெருவில் ஒருவன் பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு போனான், சத்தம் தேய்ந்து தேய்ந்து அடுத்த தெருவுக்குப் போயிற்று. கண்ணை மூடினாள். தூக்கம் இல்லை அது. ஊறவைத்த அரிசி பாத்திரத்தின் அடியில் படிவதுபோல உள்ளே ஒவ்வொன்றாகப் படிந்துகொண்டிருந்தது. அஞ்சு நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது. இருபது இருக்கும். முப்பதுகூட. இவ்வளவு நேரம் அவரிடமிருந்து சத்தமே இல்லையே என்று ஒரு நினைப்பு வந்து, தூங்குகிறார் என்று இன்னொரு நினைப்பு வந்து அதன் வாயைப் பொத்தியது. தூங்கட்டும். இன்னும் ரெண்டு நிமிஷம். இந்த வெயில் பட்டை அந்தச் சோப்புப் பெட்டியைத் தொடுகிறவரைக்கும். தொட்டதும் எழுந்துவிடுவேன்.

தொடவில்லை. அதற்குள் ஹாலில் எதுவோ விழுந்தது. எவர்சில்வர் சத்தம், தரையில் சுழன்று சுழன்று, நெடுநேரம் சுழன்று, ஓய்ந்தது.

“என்னங்க?” எழுந்துவிட்டிருந்தாள். “என்னங்க, என்ன விழுந்துச்சு?”

கதவில் காதை வைத்தாள்.

“அதான்னாவது சொல்லுங்க!”

இல்லை. டிரைவரை ஸ்க்ரூ தலையில் வைத்தாள், அது வழுக்கித் தகட்டைக் கீறியது. மறுபடி வைத்தாள். அசையவில்லை. குளியலறை ஈரத்தில் ஊறிய துரு. தோளைக் கதவில் அழுத்தி, உடம்பு கனம் முழுவதையும் மணிக்கட்டில் இறக்கித் திருப்பினாள், நருக்கென்று கால் சுற்று திரும்பியது. திரும்பும்போதே அந்தக் காலை வந்துவிட்டது, வரக் கூடாது வரக் கூடாது என்று எட்டு மாதமாகத் தள்ளிவைத்திருந்த அந்தக் காலை. சமையலறையில், ஸ்டூல்மேல், மேல் அலமாரிக் கதவின் கீல் தொங்கிவிட்டது என்று முடுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு ஸ்க்ரூவில் மூன்று முடிந்திருந்தது. ஹாலில் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவர், மங்கை, என்று கூப்பிட்டார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. இல்லை, கொஞ்சம் குழறியிருந்தது, இப்போது நினைத்தால் குழறியிருந்தது. சோப்பு நுரை வாயில் போயிருக்கும் என்று நினைத்தாள். “இருங்க, ஒரே ஒரு ஸ்க்ரூ” என்றாள். அந்தக் கதவைப் பாதியில் விட்டால் தலையில் விழும். அந்த ஸ்க்ரூ மரைக்குள் சரியாக உட்காராமல் கோணிக்கொண்டது, எடுத்து, ஊதி, மறுபடி வைத்து முடுக்கி, ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது அவர் தரையில் இருந்தார், ஒரு கன்னத்தில் நுரையோடு. எவ்வளவு நேரம்? மூன்று நிமிஷமா, ஐந்தா, எட்டா? ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, சரியாச் சொல்லுங்கம்மா, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று கேட்டான். விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன் என்றாள். பொய். விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. கூப்பிட்ட சத்தம் கேட்டது. அந்தச் சில நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று பிறகு வேறு ஒரு டாக்டர், தானாகவே, வேறு எதையோ பேசும்போது சொன்னார். அதை அவள் நம்பினாள், நம்பவில்லை, சில நாள் காலையில் நம்பி மத்தியானத்தில் நம்பாமல் போனாள். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது முப்பது நிமிஷம். அன்றைக்காவது ஒரு ஸ்க்ரூ. இன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் ஸ்க்ரூ கழன்று காலடியில் விழுந்து தண்ணீர்க் குழியை நோக்கி உருண்டது. போகட்டும்.

இரண்டாவதின் தலை தேய்ந்துபோயிருந்தது. ஸ்டார் பிடிக்காமல் சுற்றியது. நிதானம், நிதானம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் குரலில் சொன்னாள். கை பதறினால் சாமான் உடையும். டிரைவரை மடக்கிவிட்டுக் குறடைத் திறந்தாள். தகட்டுக்கும் ஸ்க்ரூ தலைக்கும் நடுவில் மயிரளவு இடைவெளி இருந்தது. கத்தி முனையை அதில் செருகி நெம்பி, தலை கொஞ்சம் வெளியே வந்ததும் குறட்டின் மூக்கால் கவ்விப் பிடித்தாள். “வந்துட்டேங்க! இதோ! கையை எடுத்துடாதீங்க, கம்பியைப் பிடிச்சுக்கங்க!” எதைப் பார்த்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டிலிலிருந்து பாதி தொங்கும் உடம்பு, கம்பியில் மாட்டிய கழுத்து, புரையேறி நீலம் பாரித்த உதடு, ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன, ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று. வாசல் கதவில் உள் தாழ்ப்பாள் வேறு. மூன்றரை மணிக்கு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்க ஜோஸ்வா தம்பி வந்தால் மணி அடித்துவிட்டு நிற்பான், உள்ளே இரண்டு பேரும் இரண்டு இடத்தில். ஸ்க்ரூ திரும்பியது. அரைச் சுற்று. கவ்வினதை விட்டு மறுபடி கவ்வி அரைச் சுற்று. விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் தகட்டில் ஈஷியது. கழன்றது. குமிழைப் பிடித்து இழுத்தாள், கையோடு வந்தது. மறுபக்கத்துக் குமிழ் வெளியே தரையில் டொங்கென்று விழுந்தது. ஓட்டைக்குள் குறடை நுழைத்து, நாக்கின் முனையைத் தடவிக் கண்டுபிடித்து, பிடித்து, இழுத்தாள். கதவு எந்தச் சிரமமும் இல்லாமல் திறந்துகொண்டது.

அம்பலவாணன் விழவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார்! தலைமாட்டின் சாய்விலிருந்து தானாக எழுந்து, இடது கையால் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலைக் கம்பியின் கால்மாட்டு இடைவெளி வழியாகத் தரையில் ஊன்றி, வராத காலைப் பின்னால் விட்டுவிட்டு, முகமெல்லாம் வேர்வையாக. தண்ணீர் டம்ளர் மூலையில் கிடந்தது. வேட்டி நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். வாய் கோணி, தாடை இரண்டு மூன்று முறை அசைந்து, சத்தம் வரவில்லை.

“எங்க கிளம்பிட்டீங்க? விழுந்து வெச்சா என்ன ஆகறது? நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?” கத்திக்கொண்டே போய் அவர் தோளைப் பிடித்தாள். “கூப்பிட்டேன்ல? வாயைத் திறந்தா என்னவாம்?”

“பயம்” என்றார்.

அவள் நின்றாள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. நோவுக்கு முன்னாலும் கேட்டதில்லை. “பயமா? தனியா இருக்கப் பயந்தீங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினார். இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்து அவளைக் காட்டினார். “நீ.” நெடுநேரம் கழித்து, “விழ்... விழுந்து...” என்று குளியலறைப் பக்கம் காட்டினார்.

ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அதற்குத்தான் எழுந்திருக்கிறார். சத்தமே இல்லையே என்று அங்கே அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, இங்கே இவரும் அதையே நினைத்துக்கொண்டு, அரை மணி நேரமாக இந்த உடம்பை அங்குலம் அங்குலமாக நகர்த்தியிருக்கிறார். வாய்க்கும் சேர்த்துத் தெம்பு இல்லாததால் பதில் சொல்லவில்லை. அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈர விரிப்பு உள்ளே, ஈர வேட்டி இங்கே, மறுபடியும் ஒரு சுற்று வேலை. எழுந்திருக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம், பூட்டு துருப்பிடிச்சிருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதில் பொய்கூடப் பாதிதான். ஆனால் வாய் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்துவிட்டது.

“நான் விழலைங்க. கதவும் பெருசா மாட்டிக்கல. பத்து நிமிஷத்துல திறந்திருப்பேன். திறக்கல.” அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “வாளியைக் கவுத்துப்போட்டு உக்காந்திருந்தேன். தேன்மொழி போன் பண்ணினா, அதையும் எடுக்கல. நீங்க கிடக்கீங்கன்னு தெரிஞ்சும் உக்காந்திருந்தேன். என்னால முடியலைங்க. ஒரு அஞ்சு நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு.”

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய மூச்சு இன்னும் இளைப்பாகவே வந்தது. கோபமாக இருக்கும் என்று நினைத்தாள். இருக்கட்டும், கோபப்படட்டும், அதற்கும் உரிமை இருக்கிறது. இடது கை அவள் கையைத் தேடி வந்தது. முட்டியில் உரிந்திருந்த இடத்தைப் பார்த்தார். அதைத் தொடாமல் சுற்றிப் பிடித்துக்கொண்டார். தாடை அசைந்தது. நெற்றியில் நரம்பு புடைத்தது. மங்கையர்க்கரசிக்கு வழக்கம்போல முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்தது, தண்ணி வேணுமா, படுக்கணுமா, வேட்டி மாத்தணுமா என்று. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். காத்திருந்தாள். வாசலில் அழைப்பு மணி அடித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

“நாளை...” என்றார். நாக்கு எங்கோ மாட்டிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். “நாளைக்கும்.”

“நாளைக்கும்?”

“போய்...” குளியலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினார். “உக்காரு.”